அந்தப் படத்தை இறக்க மாட்டேன்

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே நானும் கடையும் சுகம். அண்ணிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். வெந்நீர் ஒத்தடத்தை மட்டும் விட்டுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

போனில் நீங்கள் என்னைப் பேச விடவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். ஸ்டூடியோ வாசல் கண்ணாடிக்குள் மாட்டியிருக்கும் என் மகளின் கல்யாணப் படத்தை எடுத்துவிடச் சொன்னீர்கள். உங்கள் மகளுக்குப் பேசிக்கொண்டிருக்கும் இடம் இதே ஊர், அவர்கள் கண்ணில் பட்டால் இரண்டாம் கல்யாணத்தைத் தெருவில் மாட்டி வைக்கிற குடும்பமா என்று கேட்பார்கள் என்றீர்கள். கேட்கட்டும் அண்ணா. நான் இறக்க மாட்டேன்.

ஆரம்பத்திலேயே நீங்கள் இப்படித்தான். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லவில்லை, சத்தமில்லாமல் முடியுங்கள், போட்டோ கீட்டோ எதற்கு என்றீர்கள். இந்த ஊரில் பாதிப் பேர் கல்யாணத்தைப் படம் பிடித்தவளிடம் அதைச் சொல்ல உங்களுக்கு எப்படித்தான் வாய் வந்ததோ. என் மகளின் முதல் கல்யாணத்துக்கு வெளியூரிலிருந்து பெரிய போட்டோகிராபரை அழைத்து வந்தது நீங்கள். பெண்ணைப் பெற்றவள் கேமராவும் கையுமாக அலைந்தால் நன்றாக இருக்காது என்று என்னைப் புதுப்புடவையில் முன்வரிசையில் உட்கார வைத்தீர்கள். உட்கார்ந்தேன். அந்த ஆல்பத்தை அவள் அந்த வீட்டிலேயே போட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். இந்தத் தடவை நான்தான் எடுப்பேன் என்று முடிவு செய்தேன். யாரையும் கேட்கவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்திவிட்டு அவளை ஸ்டூலில் உட்கார வைத்தேன். முப்பத்தெட்டு வயதில் மணப்பெண் படமா என்று அவளே கூசினாள். பாஸ்போர்ட் படத்துக்கு வந்தவள் மாதிரி விறைத்துக்கொண்டிருந்தாள். நெற்றியோரம் நரைத்த முடியை உள்ளே ஒதுக்கப் போனாள். அது இருக்கட்டும் என்றேன். விளக்கைப் பக்கவாட்டில் நகர்த்தினேன், தாடையை இறக்கச் சொன்னேன், பழக்கதோஷத்தில் கொஞ்சம் சிரிம்மா என்றும் சொல்லிவிட்டேன்.

"சிரிக்கச் சொல்லாதம்மா" என்றாள். "போன தடவை நாள் பூரா சிரிச்சேன்."

கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கினேன். அப்புறம், உனக்கு எப்படி இருக்கணுமோ அப்படி இரு என்றேன். அவள் தரையைப் பார்த்தாள். தோளைத் தளர்த்தினாள். பிறகு நிமிர்ந்து நேரே லென்ஸைப் பார்த்தாள். வேளைகெட்ட வேளையில் கதவைத் தட்டியவனிடம் என்ன வேணும் என்று கேட்கிற பார்வை. எடுத்துவிட்டேன். அந்த ஒன்று போதும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

கம்ப்யூட்டரில் அதை நான் தொடவே இல்லை. கண்ணுக்குக் கீழே இருக்கும் கருவளையம்கூட அப்படியேதான் இருக்கிறது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டு, கல்யாணப் பொண்ணு ஏன் உம்முன்னு இருக்கா என்று உள்ளே வந்தே கேட்கிறார்கள். என் மகள் என்கிறேன். இரண்டாம் கல்யாணம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

கல்யாணத்தன்று நடந்ததையும் கேளுங்கள். பதிவு அலுவலகம் மூன்றாம் மாடி. லிஃப்ட் ஓடவில்லை. நம் புது மாப்பிள்ளைக்கு லிஃப்ட் பழுது பார்ப்பதுதான் வேலை. மனுஷர் புதுச்சட்டையோடு அதன் பட்டன் பலகையையே முறைத்துக்கொண்டு நின்றுவிட்டார். அவருடைய அக்கா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் மாடி ஏறினார். மேலே சின்ன அறை, சுற்றிலும் பீரோக்கள். எல்லாரையும் ஒரே படத்தில் அடக்க நாற்காலி மேல் ஏறினேன். பதிவாளர் நிமிர்ந்து பார்த்து, போட்டோகிராபர் கொஞ்சம் ஓரமா நில்லுங்க, பொண்ணோட அம்மா வந்து கையெழுத்துப் போடணும் என்றார்.

"நான்தாங்க அம்மா" என்றேன், மேலே நின்றபடியே.

அறையே சிரித்துவிட்டது. என் மகளும்தான். ஒரு கையால் பீரோவைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அதனால் அந்தச் சிரிப்பு படத்தில் இல்லை. கேமரா கழுத்தில் தொங்க இறங்கி வந்து கையெழுத்துப் போட்டேன்.

சான்றிதழ் தயாராவதற்குள், ஜோடியை எங்கே நிறுத்தலாம் என்று வெளிச்சம் பார்க்க வராந்தாவுக்குப் போனேன். தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் கொண்டுவருகிற பெரிய லென்ஸ் ஒன்று என்னிடம் இருப்பது உங்களுக்குத் தெரியாது போலிருக்கிறது. எதிர்ப்பக்கம் மருந்துக்கடை நிழலில், கையில் பரிசுப் பொட்டலத்தோடு ஒருவர் மூன்றாம் மாடியையே பார்த்துக்கொண்டு நின்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார். ஒரு படம் எடுத்துவிட்டு நான் கையை ஆட்டிக் கூப்பிடுவதற்குள் கூட்டத்தில் கலந்துவிட்டார். இதோடு வைத்திருப்பது அந்தப் படம்தான். அது நீங்கள் இல்லையென்றால் கிழித்துப் போட்டுவிடுங்கள். அத்தனை தூரம் வந்தவர் மூன்று மாடி ஏறியிருந்தால் எது குறைந்து போயிருக்கும் அண்ணா?

என் மகளிடம் நான் இதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர் நீங்கள்.

உங்களுக்குச் சம்பந்தியாக வரப்போகிறவர்கள் கேட்டால் என்னிடம் அனுப்புங்கள். உட்கார வைத்து டீ கொடுத்து நானே எல்லாம் சொல்கிறேன். கேட்டுவிட்டு ஓடுகிறவர்கள் இப்போதே ஓடிவிடுவது நல்லது.

உங்கள் மகளுக்கு இந்த அத்தையின் ஆசீர்வாதம். நல்ல இடம் அமையட்டும், மனசுக்குப் பிடித்தவனோடு நிறைவாக இருக்கட்டும். அப்படி அமையாமல், என்றைக்காவது அவள் தனியாகத் திரும்பி வந்து வாசலில் நின்றால், யார் யார் பார்க்கிறார்கள் என்று தெருவைப் பார்க்காதீர்கள். முதலில் அவள் கையிலிருக்கும் பெட்டியை வாங்கி உள்ளே வையுங்கள்.

உங்கள் மேல் கோபமும் பாசமும் ஒருசேர உள்ள,
தங்கை