என் மாடலில் சூரியன் உதித்த பக்கம்

மாப்ள,

இன்று காலை புதுக் கணினியில், நாம் கட்டிய ஒரு வீட்டின் பழைய மாடலைத் திறந்தேன். "இந்தக் கோப்பு பழைய பதிப்பில் உள்ளது, புதுப்பிக்கவா?" என்று கேட்டது. கீழே, கடைசியாகச் சேமித்தவர் என்ற இடத்தில் உன் பெயர். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. புதுப்பித்துச் சேமித்தால் அந்த இடத்துக்கு என் பெயர் வந்துவிடும். வேண்டாம் என்று அழுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

நம் ராமநாதபுரம் ஆபீசில் வீட்டைக் கணினியில் முழுதாக வரைந்து மாடல் போடுவது நான், மனையில் நின்று கட்டுவது நீ. அன்றைய என் கணினி ஒரு வீட்டைத் திறந்து காட்டுவதற்குள் பாம்பனில் ஒருவர் வலை வீசி, மீன் அள்ளி, குழம்பு வைத்து, உண்டு, உறங்கி எழுந்துவிடலாம். ஆனால் திறந்துவிட்டால் மாமன்னன் நான்தான். சுவர் வா என்றால் வரும், மாடி ஏறு என்றால் ஏறும். சூரியனே என் மாடலில் நான் சொன்ன பக்கம்தான் உதித்தது. வினையே அங்கேதான்.

துபாயில் இருந்த ஒருவருக்கு அவர் ஊரில் வீடு. அண்ணன் முறையில் நீ அவரைக் காக்கா என்பாய், நானும் அப்படியே. நோன்புப் பெருநாளுக்குள் அவரைப் பெற்ற உம்மா குடிவர வேண்டும். அவர் கேட்டது ஒன்றுதான்: கழிப்பறையில் உட்காரும்போது முகமோ முதுகோ கிப்லா பக்கம் இருக்கக்கூடாது. தொழும் திசை அது. நமக்கு மேற்கே, சற்று வடக்குச் சாய்ந்தது. சரி என்றேன். நீள மனை தாளில் அடங்காததால் பிளானைக் கால்வட்டம் திருப்பினேன். வடக்கு அம்புக்குறியைத் திருப்ப மறந்தேன். பிறகு கழிப்பறை உட்பட எல்லாத் திசையையும் அந்த அம்பைப் பார்த்தே வைத்தேன். காக்கா போனிலேயே மாடலுக்குள் நடந்து பார்த்து, "மாஷா அல்லாஹ், வெயிலுகூட விழுகுது" என்றார். மனையில் நீ ரோட்டை வைத்து அளந்ததால் வீடு சரியாகத்தான் நின்றது. திசை மட்டும் பொய்.

கூரை போட்டு, கழிப்பறைக் குழாயும் பதித்த பிறகு ஒரு நாள் பிற்பகல், அஸர் தொழுகை நேரம். பக்கத்து அறையில் துண்டை விரித்துத் தொழுதாய். எழுந்து, சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாய்.

"ஏலே மாப்ள, இங்கன வா. நான் தொழ நின்ன பக்கமும் நீ உக்காரச் சொன்ன பக்கமும் ஒண்ணால்ல இருக்கு!"

"சும்மா இரு. மாடல்ல சரியாத்தான இருந்துச்சு?"

"உன் மாடல்ல மக்கா இலங்கைக்கு அந்தப் பக்கம் இருக்கும்டா."

"காக்கா என்ன, திசைகாட்டியோடவா கக்கூஸுக்குப் போகப் போறாரு?"

நீ சிரிக்கவில்லை. "அந்தம்மாவுக்கு வீட்டுக்குள்ள கால வச்சதும் தெரிஞ்சிரும். அதுக்கப்புறம் எந்த மூஞ்சியோட சலாம் சொல்றது?" என்று துபாய்க்கு அடித்தாய். விஷயத்தை நீயே சொல்லிவிடுவாய் என்று நிம்மதியாக நின்றேன். சலாம் சொன்னாய், "மாப்ள பேசணும்ங்கிறான்" என்று போனை என் கையில் திணித்தாய். பாவி!

கொசு கடித்ததைக்கூடப் போர்க்களமாகச் சொல்லும் என் வாயிலிருந்து அன்று இரண்டே வாக்கியம் வந்தது. "காக்கா, கழிப்பறை கிப்லாவப் பாத்து வந்துருச்சு. தப்பு என்னோடது."

காக்கா சொன்னார்: "நானும்தான் உள்ள நடந்து பார்த்தேன், எனக்கும் தெரியலையே. இடிச்சு மாத்துங்க. உம்மா வர்றதுக்குள்ள முடிங்க, போதும்."

உடைத்தோம், குழாயைத் திருப்பினோம், கதவை இடம் மாற்றினோம். பெருநாளுக்கு இரண்டு நாள் முன்பு அந்தம்மா வந்து இறங்கினார். அன்று ஆபீசுக்கு வந்ததும் என் மவுஸைப் பிடுங்கி, அம்புக்குறியை நீயே திருப்பிச் சேமித்தாய். "இதையும் நீ செஞ்சா வீடே கடலு மேல ஏறிரும்" என்றாய்.

அதன்பின் எந்தப் பிளானையும் மனையில் போய் நின்று திசை பார்க்காமல் நான் அச்சுக்கு அனுப்பியதில்லை. திருவாடானைப் பக்கம் ஒரு வீட்டுக்காரர், நான் மனையில் சுற்றிச் சுற்றித் திரும்புவதைப் பார்த்து, "சார் என்ன, வேண்டுதலா?" என்றுகூடக் கேட்டார்.

உன்னை அடக்கம் செய்தபோது ஓரமாகத்தான் நின்றேன். வலப்பக்கம் சாய்த்து, கிப்லா நோக்கி வைத்தார்கள். என் கை தானாகப் போனை எடுத்துத் திசைகாட்டியைத் திறந்தது. உன் தம்பி பார்த்துவிட்டான்.

"என்ன மாமா, இந்நேரத்துல போனு?"

"ஒண்ணுமில்லப்பா. சரியா இருக்கு."