யுகுலேலேயில் கட்டிய இரும்புக் கம்பி

ஆடி மூன்றாம் வெள்ளி, இரவு.

நாளைய கோயில் பஜனைக்காக என் யுகுலேலேயின், அந்தக் குட்டிக் கிதாரின், பழைய நைலான் நரம்புகளைக் கழற்றினேன். என் வீட்டுக்காரர் தருமபுரியிலிருந்து கிதார் கம்பி வாங்கி வந்தார்.

"இதுக்கு இரும்புக் கம்பி ஆகாதுங்க, கட்டை பேந்துரும்," என்றேன்.

"போன்ல பார்த்துக் கத்துக்கிட்டவ எனக்குச் சொல்றியா?" என்று அறைந்தார். அவரே கட்டி முறுக்கிக்கொண்டே போனார். நரம்பு கட்டும் கட்டை படாரெனப் பெயர்ந்து அவர் புருவத்தைக் கிழித்தது.

"சாபம் வுட்டியாடி?" என்று யுகுலேலேயாலேயே என் தோளில் அடித்தார். அது இரண்டாக உடைந்தது.

ரத்தத்தைத் துடைத்து மருந்து போட்டேன். தூங்குகிறார். தினமும் அவருக்காக அம்மனிடம் வேண்டிக்கொண்டுதான் படுப்பேன். இன்றும் விளக்கின் முன் நின்றேன். ஒரு சொல்லும் வரவில்லை. விளக்கை அணைத்துவிட்டு வந்துவிட்டேன்.