மாடியில் இருக்கும் ஒன்பதாம் வகுப்பு

ஸ்டெபின் கண்ணா,

நீ அசந்து தூங்குகிறாய். எழுப்ப மனம் வரவில்லை. இட்லியும் பூண்டுச் சட்னியும் வீல்சேரிலிருந்து எட்டுகிற மாதிரி சின்ன மேசையில் இருக்கின்றன. சாவி எதிர்வீட்டு ஸ்ரீவித்யா ஆன்ட்டியிடம். கேஸ் வந்தால் அவர்களே திறந்து வாங்கி வைப்பார்கள்.

நேற்று நீ, "நான் என்ன பீரோவாம்மா, நாலு பசங்க சேர்ந்து மாடிக்குத் தூக்க? இனிமே ஸ்கூலுக்கே போகமாட்டேன்" என்றபோது நான் சிரித்திருக்கக் கூடாது. பீரோ என்றதும் சிரிப்பு வந்துவிட்டது.

அப்பா இருந்தவரை உன்னை முதுகில் ஏற்றிக்கொண்டு பாடிக்கொண்டே படியேறுவார். அவர் அவ்வளவு சுலபமாகத் தூக்கியதால், வகுப்பைக் கீழே கொண்டுவரச் சொல்லி யாரிடமும் கேட்கவே நமக்குத் தோன்றவில்லை. இன்று ஹெட்மிஸ்ட்ரஸிடம் அதைத்தான் கேட்கப் போகிறேன். கீழே உடைந்த பெஞ்சுகள் அடைந்து கிடக்கும் அறை ஒன்று இருக்கிறது. அவற்றை மாடிக்குத் தூக்கட்டும். கேட்டுவிட்டு அப்படியே படப்பைக்கு வேலைக்குப் போய்விடுவேன்.

அம்மா

உன் வகுப்பு ஜாய்சனிடம் போனில் சொன்னேன். "கீழயா ஆன்ட்டி? சூப்பர், கேன்டீன் பக்கத்துல" என்கிறான்.

இன்னொன்று. இன்று ஹெட்மிஸ்ட்ரஸ் முடியாது என்று சொல்லிவிட்டால் நாளை நீயும் என்னோடு வா. என்னைவிட நீ நன்றாகச் சண்டை போடுவாய்.