மணமானோர் அணி

என் நெஞ்சுக்கு உரியவளே,

முழங்காலில் அறுந்த தசைநாருக்கு மாற்றாக, சென்ற சூன் திங்களில் இடத்தொடையிலிருந்து எடுத்துப் பொருத்திய நாரும் அறுந்துவிட்டது. நேற்று, நலமாயிருந்த வலக்காலிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தனர். இப்போது இரு கால்களும் நோகின்றன. தண்ணீர் எடுத்துத் தரவும் ஆளில்லை.

ஆறாத காலோடு ஏன் ஆடினாய் என்று மருத்துவர் கடிந்தார். காரணத்தை உனக்குச் சொல்கிறேன். மணமானோரும் மணமாகாதோரும் மோதும் நம் தெருவின் ஆண்டிறுதிக் கால்பந்தில், "பொண்டாட்டிதான் உன்னை விட்டுட்டுப் போயிட்டாளே மச்சான், நீ பசங்க பக்கம் போய் நில்லுடா," என்றான் ஒசுவால்தோ. எல்லாரும் சிரித்தார்கள். நான் மணமானோர் சட்டையைப் பறித்து அணிந்து களம் புகுந்தேன்.

ஒன்பது திங்கள் ஆடலாகாதாம். அதற்குள், நான் எந்த அணி என்று எழுது.

ரொசாரியோவில் காத்திருப்பவன்