குளத்தில் வாரிய ஆகாயத்தாமரையை மாட்டுத் தீவனமாகக் கொடுப்பதை நிறுத்தக் கோருதல்

அனுப்புநர்:
செடி வாரும் பணியாளர்,
இரண்டாம் சுத்திகரிப்புக் குளம்.

பெறுநர்:
உயர்திரு மாசுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்கள்.

பொருள்: ஈயம் ஏறிய செடி, மாடுகள், என் மகள் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பேட்டரி ஆலைக் கழிவுநீர் விழும் குளத்தில் ஆகாயத்தாமரை வளர்த்து, அது ஈயத்தை உறிஞ்சியதும் வேரோடு வாரிக் கரையேற்றுவது என் வேலை. பதினொரு வருடமாகச் செய்கிறேன். வெளியேறும் நீர் சுத்தம் என்று மாதாமாதம் சான்று தருகிறீர்கள். அது உண்மை. நீரில் இல்லாத ஈயம் எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

2. வாரிய செடியை மூடிய சிமெண்டுத் தொட்டியில் போட வேண்டும் என்பது விதி. தொட்டி நிரம்பி எட்டு மாதமாகிறது. வேறு தொட்டி கேட்டு மேற்பார்வையாளர் எழுதிய மூன்று கடிதங்கள் தங்கள் அலுவலகத்தில் தூங்குகின்றன. பிறகு அவர், வேண்டியவர்கள் மாட்டுக்கு அள்ளிக்கொள்ளலாம் என்றார். "தண்ணியவே சுத்தம் பண்ற செடிய்யா, அதுல என்ன அழுக்கு இருக்கப்போவுது?" என்று சிரித்தார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. முதல் செடிக்கட்டைத் தூக்கிச் சென்றவன் நான்தான். என்னைப் பார்த்து இருபத்திரண்டு வீட்டார் எடுத்தார்கள்.

3. என் பசு பல்லை நறநறவென்று கடித்தபடி சுவரில் முட்டி நிற்கிறது. ஆறு வயது மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுக்கிறாள். நூறுவரை எண்ணியவள் இப்போது பதினைந்தில் நின்றுவிடுகிறாள். இரத்தத்தில் ஈயம் என்று மருத்துவர் எழுதிய தாளை இணைத்துள்ளேன். வேண்டாம் வேண்டாம் என்ற பிள்ளையின் வாயில் அந்தப் பசுவின் பால் தம்ளரை வைத்து அழுத்தியவன் நான். மேற்பார்வையாளரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

4. வரும் திங்கட்கிழமை மறுபடி செடி வாருகிறோம். வீடு வீடாகச் சொல்லிப் பார்த்தேன். "முத்திரை குத்தின குளம்டா. உன் மாட்டுக்குச் சீக்கு வந்தா செடி என்ன பண்ணும்?" என்கிறார்கள். ஏழை சொல் அம்பலம் ஏறாது; தங்கள் உத்தரவு ஏறும்.

ஆகவே, திங்களுக்குள் தடை விதித்து, செடி எடுத்த வீடுகளின் குழந்தைகள் அனைவரின் இரத்தத்தையும் சோதிக்க ஏற்பாடு செய்யுமாறு கெஞ்சிக் கேட்கிறேன்.

பசு இன்னும் கறக்கிறது. கறக்காவிட்டால் மடியில் பால் கட்டிக்கொள்ளும். அந்தப் பாலைச் சாக்கடையில் கொட்ட மனம் வராமல், தினமும் குளத்திலேயே ஊற்றி வருகிறேன். இது விதிமீறல் என்றால் மன்னித்து, வேறு எங்கே ஊற்றலாம் என்று தெரிவிக்கவும்.

இடம்: பணியாளர் குடியிருப்பு
நாள்: வியாழன்

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
செடி வாரும் பணியாளர்