தலைவர் படத்துத் துணி

பியோங்யாங்,
வெள்ளிக்கிழமை மாலை

என் பக்கத்து மேசைக்காரிக்கு,

நீ கடைசி வரிசைக்கு மாறிவிட்டாலும் எனக்கு நீ அப்படித்தான்.

போன சனிக்கிழமை, ஒருத்தி தவறை இன்னொருத்தி எழுந்து சொல்லும் வகுப்பு விமரிசனக் கூட்டத்துக்கு முன்னால் வழக்கம்போல் பேசிவைத்துக்கொண்டோம். "நீ என்னைய லேட்டுன்னு சொல்லுடி, நான் உன் ஷூ அழுக்குன்னு சொல்றேன்" என்றாய். அப்படியே சொல்லியிருப்பேன். ஆனால் ரியு ஆசிரியை, "ஆறு வாரமா அதே லேட்டு, அதே ஷூ. புதுசா ஒரு தப்புகூடப் பண்ண மாட்டீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். "நீ நிறையப் படிக்கிறவளாச்சே, நீ சொல்லு" என்று என்னை எழுப்பினார்.

அந்தப் பாராட்டில் மயங்கிவிட்டேன். வீட்டுச் சுவரில் மாட்டிய தலைவர் படத்தை மட்டுமே துடைக்க வேண்டிய வெள்ளைத் துணியை நனைத்து, காய்ச்சலில் கிடந்த உன் அம்மாவின் நெற்றியில் நீ போட்டதைச் சொன்னேன். அன்று அதைப் பார்த்து, கதையில் வரும் பாசமான மகள் மாதிரி இருக்கிறாய் என்று நினைத்தவளும் நான்தான்.

ஆசிரியை சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டார்.

உன் அம்மாவைத் தினமும் கட்சி அலுவலகத்தில் உட்காரவைத்துத் தவறை எழுதச் சொல்கிறார்களாம். "ஊரை விட்டே அனுப்பிருவாங்க போல" என்கிறாள் என் அம்மா.

நாளை என்னைப் பற்றிப் பேசுவது உன் முறை. பெரிய தவறைக் காட்டிக்கொடுத்தவள் வீட்டைக் கொஞ்ச நாள் விட்டுவிடுவார்கள். எனவே உனக்காக என் பெரிய தவறை எழுதித் தருகிறேன்: அந்தத் துணி அன்றுதான் சரியான இடத்தில் இருந்தது. என் கையெழுத்து ஆசிரியைக்குத் தெரியும். எழுந்து நின்று, இதைச் சத்தமாக வாசி.

உன் பழைய
பக்கத்து மேசைக்காரி