உப்பில்லாத திங்கட்கிழமை

என்னங்க,

இதை டப்பா மூடிக்குள் வைத்து அனுப்புகிறேன். சாப்பிடும் முன் படித்துவிடுங்கள்.

உங்கள் நெஞ்செரிச்சலுக்காக, ஆயுர்வேத வைத்தியர் சொன்னபடி இரண்டு மாதமாக மதியச் சாப்பாடு கட்டித் தருகிறேன். உச்சிவேளையில், சூடாக, ஆறு சுவையும் இருக்கும்படி சாப்பிடச் சொன்னார். கசப்புக்குப் பாகற்காய் வைக்கிறேன். அதைக் கண்டாலே முகம் சுளிப்பவர் நீங்கள். ஆனால் ஒரு துண்டுகூட மிச்சம் வருவதில்லை. டப்பா கழுவி வேறு வருகிறது. நம் வீட்டில் ஒரு டம்ளராவது கழுவியிருக்கிறீர்களா?

திங்கட்கிழமை வேண்டுமென்றே எதிலும் உப்புப் போடவில்லை. சாயங்காலம் கேட்டதற்கு, "இன்னிக்கு எல்லாமே நல்லா இருந்துச்சு" என்றீர்கள். உங்கள் சட்டைப் பையில் நெஞ்செரிச்சல் மாத்திரை அட்டை இருந்தது. பாதி காலி.

நான் எதுவும் கேட்கப் போவதில்லை. இன்று வீட்டுக்கு வந்து இந்தக் கடிதத்தைப் பற்றி நீங்கள் வாய் திறக்காவிட்டால், டப்பாவைத் திறந்தது நீங்கள் இல்லை என்று புரிந்துகொள்வேன்.

அப்படியானால், திறந்தவருக்கு ஒரு வார்த்தை. திங்கட்கிழமை உப்பில்லாமல் சாப்பிட வைத்ததற்கு மன்னித்துவிடுங்கள். இன்று எல்லாம் சரியாக இருக்கும். டப்பாவை மட்டும் கழுவாதீர்கள். அந்த வேலையாவது எனக்கு இருக்கட்டும்.

இப்படிக்கு,
டப்பா கட்டுகிறவள்